படகு டிரெய்லர் ஒரு பக்கம் சாய்கிறது, டயர் உள்விளிம்பு தேய்கிறது: ஒரு பிளேட் கூட்டிப் போட்டால் சரியாகிவிடுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான் நிலைமை. 24 அடி பைபர் படகு, ஒற்றை அச்சு டிரெய்லர், பக்கத்துக்கு ஐந்து பிளேட் ஸ்பிரிங். மண்டபம் வடகடல் (பாக் விரிகுடா) கரையில் இறக்கி ஏற்றுகிறீர்கள், வாடைக் காலத்தில் படகைத் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கொண்டுபோகிறீர்கள். மூன்றாவது வருடத்தில் டிரெய்லர் இடப்பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறது. இடது டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. குழியில் இறங்கினால் 'டக்' என்று ஒரு அடி கேட்கிறது. ஸ்பிரிங் பட்டறையில், இடப்பக்கம் ஒரு பிளேட் கூட்டிப் போட்டால் நிமிர்ந்துவிடும் என்கிறார்கள். போடலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் அறிய விரும்புவது, இந்த மூன்று குறையும் ஒன்றா, வேறு வேறா என்பது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் பிளேட் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. உங்களுடையது இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியாக இணைக்கும் முழு அச்சு. இந்த அமைப்பில் ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்தாலும் சட்டம் சாயுமே தவிர சக்கரம் சாயாது. சக்கரம் அச்சோடு பொருந்தியிருக்கிறது, அச்சு தரைக்கு இணையாகத்தான் நிற்கும். ஆகவே இடது டயர் உள்விளிம்பில் தேய்வதற்கு ஸ்பிரிங் தளர்ச்சி நேரடிக் காரணம் ஆக முடியாது. அந்தத் தேய்மானம் அச்சு வளைந்திருக்கிறது என்றோ, சக்கரம் சுழலும் ஹப் பேரிங் ஆடுகிறது என்றோதான் சொல்கிறது. பிளேட் கூட்டிப் போட்டால் வண்டி பார்வைக்கு நிமிரும், டயர் தேய்வது தொடரும்.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்தால் குழியில் இறங்கும்போது அது முழுக்க நசுங்கி, சட்டத்தின் அடிப்பகுதி அச்சின் மேல் மோதும். அந்த 'டக்' பெரும்பாலும் இதுவாக இருக்கலாம். அப்படி மோதும்போது ஸ்பிரிங் தாங்க வேண்டிய அதிர்ச்சி முழுவதும் ஒரே நொடியில் அச்சுக்குப் போகிறது, பல முறை நடந்தால் அச்சு சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கி வளைகிறது. வளைந்ததும் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு சுமையை வாங்குகிறது. உங்கள் மூன்று அறிகுறியும் இந்த வரிசையில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இது ஊகம். கீழே சொல்லும் அளவுகளை எடுத்த பிறகுதான் உறுதியாகும்.

மோதலைக் கண்டுபிடிப்பது சுலபம். அச்சுக்கு நேர் மேலே சட்டத்தின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு உதிர்ந்து உலோகம் பளிச்சென்று தெரிந்தாலோ, சின்னப் பள்ளம் விழுந்திருந்தாலோ மோதியிருக்கிறது. அங்கே அடையாளம் இல்லை என்றால் 'டக்' சத்தம் ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யு போல்ட் தளர்ந்ததிலிருந்தோ, ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் தகடு) புஷ் தேய்ந்து அதில் கோத்த பின் கம்பி அடிப்பதிலிருந்தோ வருகிறது.

அளவெடுக்க கெட்டியான சமதரை வேண்டும். கடற்கரை மணலில் எடுக்கும் எந்த அளவையும் நம்பாதீர்கள். சிமென்ட் களமோ பெட்ரோல் பங்க் தரையோ போதும், ரசமட்டம் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இரண்டு டயரிலும் ஒரே காற்று இருக்கட்டும். மணலில் புதையாமலிருக்கக் காற்றைக் குறைத்துவிட்டு அப்படியே ரோட்டில் ஏற்றுகிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. அப்படி ஓடினால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், உள்பக்கம் மட்டும் தேயாது. முதலில் படகு இல்லாமல், பிறகு படகோடு, இரு தடவையும் இரு பக்கமும் இரண்டே அளவுகள்: தரையிலிருந்து அச்சு மையம் வரை, அச்சின் மேல்பரப்பிலிருந்து சட்டத்தின் அடிப்பரப்பு வரை. முதல் அளவு இரு பக்கமும் வேறுபட்டால் குறை டயரில். இரண்டாவது அளவு வேறுபட்டால் ஸ்பிரிங்கிலோ அதைப் பிடித்திருக்கும் ஹேங்கரிலோ. இரண்டும் சரியாக இருந்தும் வண்டி சாய்ந்து தெரிந்தால் சட்டமே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

படகு இல்லாதபோது நேராக நின்று, படகு ஏறியதும் சாய்ந்தால் ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் சுமையைப் பாருங்கள். எடைமேடையில் டிரெய்லரை இடது சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி ஒரு எடை, வலது சக்கரத்துக்கு ஒரு எடை. ஐஸ் பெட்டி, வலை, டீசல் கேன் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் வித்தியாசம் கையில் தெரிந்துவிடும். படகின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரை மறக்க வேண்டாம். 100 லிட்டர் தேங்கினால் 100 கிலோ, அதுவும் சாய்ந்த பக்கமே ஓடிச் சேரும். ஈர வலையும் அப்படித்தான். முன்பின் பங்கும் முக்கியம்: மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம், இழுக்கும் வண்டியில் மாட்டும் கொக்கியின் மேல் விழ வேண்டும். எஞ்சினைப் பின்னால் மாட்டியபடியே ஏற்றி, அணியத்தை (படகின் முன்பகுதி) போதுமான அளவு முன்னால் தள்ளாமல் விட்டால் கொக்கி எடை குறைந்து, ரோட்டில் டிரெய்லர் வாலாட்டும். அந்த ஆட்டத்தைப் பலர் ஸ்பிரிங் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

சுமை சமமாக இருந்தும் இடப்பக்கம் தாழ்ந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஷாக்கிள் தகட்டையும் ஹேங்கரையும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, சட்டத்தின் மேல் இரண்டு மூன்று பேரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கோடு விலகி விலகிச் சேர வேண்டும். அசையவே இல்லை என்றால் ஷாக்கிள் துருவில் இறுகிவிட்டது. சுமை ஏறும்போது வளைந்திருக்கும் ஸ்பிரிங் நிமிர்ந்து நீளும். அந்த நீளத்தை விட்டுக்கொடுக்கத்தான் ஷாக்கிள் இருக்கிறது. அது இறுகிவிட்டால் ஸ்பிரிங் கட்டையைப் போல் விறைத்து, முனையில் சுருட்டியிருக்கும் கண்ணுக்கு அருகிலோ, பிளேட்டுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் ஓட்டையிலோ மெயின் பிளேட் உடையும். நம் கரையில் புது பிளேட் சீக்கிரமே உடைகிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது: பிளேட்டை மாற்றுகிறார்கள், இறுகிப்போன பின்னை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

துரு ஸ்பிரிங்கை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பிளேட் கூட்டும் யோசனையின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. வடகடல் ஆழம் குறைந்த கடல். படகு மிதக்க வேண்டுமானால் டிரெய்லரை வெகு தூரம் உள்ளே இறக்க வேண்டும், அச்சும் ஸ்பிரிங்கும் முழுக்க மூழ்கும். பிளேட்டுகளுக்கு இடையில் புகுந்த உப்புத் தண்ணீர் சீக்கிரம் காய்வதில்லை. மேல்பூச்சு நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு ஓடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், பிளேட்டுகளை ஆப்பு வைத்தாற்போல் பிரிக்கும். அதோடு கனமும் குறைகிறது. ஒரு பிளேட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் பிளேட் தேய்ந்து 5 மில்லிமீட்டர் ஆனால் விறைப்பு 58 சதவீதமாகிவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர் போனதற்கு 42 சதவீதம் இழப்பு. இப்படித் தேய்ந்த ஐந்து பிளேட்டின் நடுவே 6 மில்லிமீட்டரில் புதிதாக ஒன்றைச் செருகினாலும் மொத்த விறைப்பு பழைய நிலையின் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சேர்ந்து வளையும்போது கனமான புது பிளேட் தன் பங்கைவிட அதிகச் சுமையை வாங்கும், அதுவே முதலில் உடையும். ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் இரு பக்கமும் வேறு வேறு விறைப்பாகி, மேடு பள்ளத்தில் சட்டத்தை முறுக்கும். ஆகவே உங்கள் நேர்க் கேள்விக்கு என் பதில்: போடாதீர்கள்.

கழற்றும்போது ஜாக்கி அடியில் அகலப் பலகை போடுங்கள், வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். படகு மேலே இருக்கக் கூடாது. ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது, சட்டத்தை ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே போக வேண்டும். கழற்றிய ஸ்பிரிங்கில் ஒரு கண் மையத்திலிருந்து மறு கண் மையத்துக்கு நூல் கட்டி, நூலிலிருந்து நடுவில் மெயின் பிளேட் வரை ஆழம் அளந்து, வலப்பக்கத்து ஸ்பிரிங்கோடு ஒப்பிடுங்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பிளேட்டின் ஓரத்தில் கனம் அளந்து ஏமாற வேண்டாம், பிரித்து நடுப்பகுதியில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதன் தலை அச்சு இருக்கையின் ஓட்டையில் உட்கார்ந்துதான் அச்சை இடத்தில் பிடிக்கிறது. அது உடைந்தால் அச்சின் ஒரு முனை பின்னால் நகர்ந்து டிரெய்லர் கோணலாக ஓடும்.

இறுகிய ஷாக்கிள் போல்ட்டைக் கேஸ் வைத்துச் சுட்டுக் கழற்றுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடப்போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் கண்ணுக்கு அருகில் சூடு படவே கூடாது, பதம் போய்விடும். அதே காரணத்துக்காகத்தான் பிளேட்டின் மேல் வெல்டிங் வைக்கக் கூடாது, அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வளைவு ஏற்றி அப்படியே ஆறவிட்டுத் தருவதையும் வாங்கக் கூடாது. முறையாகக் குளிர்வித்து மறுபதம் கொடுக்காத பிளேட் கொஞ்ச நாளில் மறுபடி தொங்கும். போல்ட் வரவில்லை என்றால் ஷாக்கிள் தகட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் கிரைண்டர் பிளேடால் அறுத்துவிடுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் மலிவு.

இனி அச்சு. முதலில் பேரிங் ஆட்டத்தை ஒதுக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கையில் மிக லேசாக உணர்வதைத் தாண்டி ஆடினால் பேரிங்கைச் சரிசெய்த பிறகே மற்ற அளவு. ஹப்பைத் திறக்கும்போது கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஆயில் சீல் மாற்ற வேண்டும். பேரிங் சரியாக இருக்கிறது என்றால் சக்கரத்தை இறக்கி, தூக்குக் குண்டை டயரின் புடைப்பில் படாமல் சற்று வெளியே தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 13 அங்குல ரிம்மில் ஒரு டிகிரிச் சாய்வு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வித்தியாசமாகத் தெரியும். மேல் அளவு அதிகமாக இருந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது. இதைப் படகோடும் படகில்லாமலும் எடுங்கள். படகு இல்லாதபோதே ஒரு டிகிரிக்கு மேல் இருந்தால் அச்சு நிரந்தரமாக வளைந்துவிட்டது. படகு ஏறினால் மட்டும் வருகிறது என்றால் சுமைக்கு அச்சு போதவில்லை. இடப்பக்கம் மட்டும் வளைந்திருந்தால் கல்லிலோ பாலத்து மதகு ஓரத்திலோ அடித்த அடியாகவும் இருக்கலாம்.

அடுத்து அச்சின் நேர். கொக்கி மையத்திலிருந்து இரண்டு சக்கர மையத்துக்கும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருந்தால் நலம். 10 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் சென்டர் போல்ட்டையும் ஹேங்கர் வெல்டிங்கையும் சந்தேகப்படுங்கள். கோணல் அச்சு டயரில் ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பும் எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம்போல் கூர்மையும் கொடுக்கும், கையால் தடவியே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் அனுப்பிய டயர் படத்தில் அந்த ரம்பம் இருக்கிறதா என்பது தெரியவில்லை, அதைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஹேங்கரைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்தது மொத்தென்று கேட்கும். வெல்டிங் ஓரத்தில் மயிரிழைக் கோடாகத் துரு கசிந்திருந்தால் அது விரிசல்.

வளைந்த அச்சைச் சுட்டு நிமிர்த்தித் தருவார்கள். கடல் தண்ணீரில் இறங்கும் டிரெய்லருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சுட்ட இடத்தில் பலம் குறையும், மேல்பூச்சும் போய்விடும். மொத்தச் சுமைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாகத் தாங்கும் புது அச்சு வாங்குவது மேல்.

ஸ்பிரிங்கை இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது கண் மையத்திலிருந்து கண் மையம் வரை நீளம், பட்டையின் அகலம், பிளேட் எண்ணிக்கையும் கனமும், கண்ணின் உள்விட்டம், சென்டர் போல்ட் நடுவில் இருக்கிறதா ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதா என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். பழைய பிளேட்டின் கனத்தைச் சொல்லாதீர்கள், அது தேய்ந்த கனம். தேவைக்கு மேல் விறைப்பானதையும் வாங்க வேண்டாம். ஸ்பிரிங் வளையாவிட்டால் அதிர்ச்சி படகின் அடித்தட்டுக்குப் போய், தாங்கு கட்டை படும் இடத்தில் பைபர் கீறும்.

யு போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. இறுக்கும்போது அது கொஞ்சம் நீண்டுதான் பிடிக்கிறது, ஒருமுறை நீண்டது மறுமுறை அதே பிடியைக் கொடுக்காது. அச்சு உருண்டையா சதுரமா என்பதற்கேற்ற வளைவில் புதிது வாங்கி, நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 12 மில்லிமீட்டர் யு போல்ட்டுக்கு 60 முதல் 95 நியூட்டன் மீட்டர் வரை, டார்க் ரெஞ்ச் வைத்து. படகோடு 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். பிளேட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து இடைவெளி குறைவதால் நட்டு தளர்வது இயல்பு, பட்டறையில் எவ்வளவு பலமாக இறுக்கினாலும் இது நடக்கும். ஷாக்கிள் போல்ட் இதற்கு நேர்மாறு. ஷாக்கிள் கையால் அசையும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும், கழலாமலிருக்க நைலான் பூட்டு நட்டு போட வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள பின்னாகக் கேட்டு வாங்குங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடித்தால்தான் உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரும் வெளியேறும்.

பராமரிப்பில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: ஒவ்வொரு முறை கடலில் இறக்கி ஏற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவுவது. நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரையோரக் கிணற்றிலும் போரிலும் வருவது பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான், அதில் கழுவினால் உப்பு மாறி உப்பு. காவிரித் தண்ணீர் இரண்டு மூன்று குடம் போதும், ஆனால் அதைச் சட்டத்தின் மேல் ஊற்றி வீணாக்காமல் பிளேட் இடுக்கிலும் ஷாக்கிளிலும் ஹப்பின் பின்பக்கமும் ஊற்றுங்கள். பிளேட்டுக்கு நடுவே கிரீஸ் தடவுவதை நான் விரும்பவில்லை. மணல் ஒட்டி அரைக்கும் கல்லாகிவிடும். காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் தெளித்துத் துடைத்தால் போதும். கழிவு ஆயில் அடிக்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அடுத்த தடவை டிரெய்லர் இறங்கும்போது அது அப்படியே கடல்புல்லின் மேல்தான் போய்ப் படியும், நம் மீன் குஞ்சு வளர்கிற இடம் அது.

ரோட்டில் ஓடிவந்த டிரெய்லரை நேராகத் தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சும். கால் மணி நேரம், ஹப்பில் கை வைத்தால் சுடாத வரை பொறுத்திருங்கள்.

உங்கள் விஷயத்தில் இங்கிருந்து முடிவாகச் சொல்ல முடியாதது ஒன்றுதான்: அச்சு இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பது. தூக்குக் குண்டு அளவுதான் அதைச் சொல்லும். இடது, வலது ரிம்மின் மேல் கீழ் அளவுகளையும், அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியையும், படகோடும் படகில்லாமலும் எடுத்து எழுதுங்கள், எட்டு எண்ணும் நான்கு எண்ணும்தான். அதுவரை இடுக்கில் உடைந்த பிளேட்டோ, ஹேங்கரில் விரிசலோ கண்ணில் பட்டால் பாம்பன் பாலத்தின் மேல் அந்த டிரெய்லரை ஏற்ற வேண்டாம். படகைக் கரையிலேயே கட்டைமேல் இறக்கிவிட்டு, வெறும் டிரெய்லரைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.